இரண்டு குட்டை, ஒரு நெட்டை

அந்தப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்குச் சமையலறையில் இருந்தவர்கள்: ரயில்வே பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், நாற்காலியில். அவருக்கு எதிரே வீட்டுக்காரர், ரயில் டிரைவர், வார விடுமுறையில். டிரைவரின் அப்பா, முப்பத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பின்கதவை ஒட்டி முக்காலியில். டிரைவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள், அடுப்பு மேடையில் சாய்ந்தபடி. டிரைவரின் மனைவி, தையல்காரி, எங்கேயும் உட்காராமல். மேஜைமேல் ஒரு ஃபிளாஸ்க். அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அறையில் உண்மை பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஃபிளாஸ்க் தகடாகியிருந்தது. உள்ளே இருந்த கண்ணாடி மாவாகிப்போய் உறைக்குள் கரகரத்தது. உறை நீலக் கட்டம் போட்ட துணி, நான்கு பொத்தான். மூன்று பொத்தான் உடைந்து ஒன்று மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்தது. அதே நீலக் கட்டத் துணிதான் ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்கியது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. பார்க்காமல் இருப்பதையும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்.

"இது உங்க வீட்டுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றார் டிரைவர்.

"எங்க ஃபிளாஸ்க் பஸ்ல போயிடுச்சு," என்றார் கண்டக்டர், யாரும் கேட்காமலே. "நேத்து. எறங்குறப்ப சீட்டுலயே வெச்சுட்டேன்."

"எந்த பஸ்ங்க?"

கண்டக்டருக்கு அந்தக் கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை. முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களிடம் அவர் கேட்ட கேள்வி அது.

"அது... நம்பர் பார்க்கல."

"கண்டக்டர் நம்பர் பார்க்காம ஏறினாராம்," என்று முணுமுணுத்தாள் தங்கை. தையல்காரி அவள் காலை மிதித்தாள்.

அந்தத் தெருவில் பதினோரு வீடுகள். முன்கதவு தெருவைப் பார்க்கும். பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, ஏழெட்டு அடிக்கு ஜல்லிக்கல், பக்கத்துத் தண்டவாளம், அதற்கு அப்பால் தூரத்துத் தண்டவாளம், அதற்கும் அப்பால் பணிமனை. எப்போதோ ஒரு வேலி இருந்தது. இப்போது அதன் கம்பங்கள் மட்டும், பல் விழுந்த வாயில் மிஞ்சிய பல் மாதிரி. பணிமனைக்குப் பாலம் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம். பின்கதவு வழியாக மூன்று. டிரைவர் ஒருநாளும் பாலத்தைச் சுற்றிப் போனதில்லை. தெருவில் யாருமே போனதில்லை.

இன்ஸ்பெக்டர் ஒன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ஆரம்பித்திருந்தார். இது ஏழாவது.

இந்தக் கதை தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். டிரைவருக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட் விழுந்தது. பணிமனைத் தேநீரைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாத்திரம் கழுவின தண்ணிக்குக்கூட அதைவிட ஒரு குணம் இருக்கும்." அந்தச் சமயத்தில் தண்டவாளத்தில் கொஞ்சம் முன்னால் இருந்த சிறு பாலம் பலவீனமாக இருந்ததால் வண்டியெல்லாம் இந்த இடத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். அவர் ஓட்டும் நாலு இருபது வண்டி தூரத்துத் தண்டவாளத்தில் பின்கதவைக் கடக்கும்போது ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகும். தையல்காரிக்குத்தான் யோசனை வந்தது. பழைய திரைக்கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கினாள். கொக்கியில் ஃபிளாஸ்க்கை மாட்டினாள். டிரைவர் வளைவில் வரும்போதே ஹார்ன் அடிப்பார்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவள் கதவைத் திறந்து, பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாலடி இடத்தில் நின்று கம்பியைத் தூக்குவாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எடுத்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் அதை ஒரு வேடிக்கையாகவே பார்த்தார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஊருக்கெல்லாம் ரயில் ஹார்ன் என்றால் விலகிப் போ. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அது வெளியே வா. இரண்டு வருடம் அந்த வீட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. ரயில்காரன் வீட்டுக்குத்தான் இப்படி ஒரு தைரியம் வரும். நம்ம ஆள் ஓட்டுகிற வண்டி நம்மை என்ன செய்துவிடும் என்கிற தைரியம்.

பிறகு பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. அறுநூறு கால்சட்டை. அவளால் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "நான்தான் சும்மா உட்கார்ந்திருக்கேனே, குடு," என்று மாமனார் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு மறுபடி ஒரு டூட்டி கிடைத்தது. நாலு மணிக்கே சட்டை மாற்றி, தலை வாரி, முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். பஸ் இன்ஜின் பக்கத்திலேயே காலம் போனதில் காது மந்தம். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஹார்ன் மட்டும் கேட்கும். ஒன்றிரண்டு மாதமாகக் காலை பதினொரு மணிக்கும் கதவைத் திறந்துகொண்டு போய்த் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். வயசாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, டிரைவருக்குக் கண் பரிசோதனை. அவருடைய வண்டியை ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி எடுத்தான். அப்பாவிடம் சொல்ல டிரைவர் மறந்துவிட்டார். மறந்தது ஞாபகம் வந்ததும் ஒல்லிக்கு போன் செய்தார். "டேய், டீ ரெடியா இருக்கும். நம்ம மாதிரியே ஊதிட்டு நீயே வாங்கிக் குடிச்சுக்கோ. வீணாக்காதே." நல்ல மனசோடு சொன்னதுதான். கெட்ட மனசு யாருக்கும் இல்லை இந்தக் கதையில். அதுதான் தொல்லை.

நேற்று மட்டும் தூரத்துத் தண்டவாளத்தில் ஏதோ வேலை. நாலு இருபது வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்தில் விட்டிருந்தார்கள். சிறு பாலம் சரியாகிவிட்டதால் போன மாதமே மெதுவாகப் போகச் சொல்லும் பலகையையும் எடுத்தாகிவிட்டது; அதற்குப் பிறகும் டீக்காக அங்கே வேகத்தைக் குறைத்தவர் டிரைவர் ஒருவர்தான். வளைவில் வரும் வண்டி எந்தத் தண்டவாளத்தில் வருகிறது என்று கிட்டே வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. மாமனார் சொல்ல முயலவும் இல்லை. ஹார்ன் கேட்டது, இறங்கினார், வழக்கம் போலப் பக்கத்துத் தண்டவாளத்தில் காலை வைத்தார்.

மெஷினில் இருந்த தையல்காரிக்கு பிரேக் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. இரும்பை உயிரோடு அறுப்பது போல. ஊசி துணியில் குத்தியது குத்தியபடி நின்றது. அவள் எழுந்து வருவதற்குள் மாமனார் உள்ளே வந்துவிட்டார், முழங்காலில் ரத்தம், கையில் கம்பி இல்லை. "பஸ்ல வெச்சுட்டேன்," என்றார். "ஃபிளாஸ்க்கை."

அன்று இரவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டிரைவர் மனைவியையும் தங்கையையும் உட்காரவைத்துச் சொன்னார்: "யாரு கேட்டாலும் நமக்குத் தெரியாது. ஆளைத் தண்டவாளத்துக்குக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா என்னை லைன்ல இருந்து எறக்கிடுவாங்க. அப்புறம் யார்டுல பெட்டி தள்ளிட்டு இருக்க வேண்டியதுதான். பதினாலு வருஷ சர்வீஸ்." தங்கை தலையாட்டினாள். தையல்காரியும்தான்.

இப்போது இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். மெலிந்த ஆள், சாவகாசமான குரல். பல்லிளிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை.

"நேத்து ஓட்டினவர் எழுதிக் குடுத்தது. யாரோ வயசானவர், முகம் பார்க்கல, பின்னால விழுந்தார், ஏதோ ஒரு கதவுக்குள்ள போயிட்டார். அவ்வளவுதான். நல்ல நண்பர்."

டிரைவர் நகத்தைப் பார்த்தார்.

"வண்டியில ஒரு பெட்டி இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. எப்ப பிரேக் போட்டது, எப்ப ஹார்ன் அடிச்சது, எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நான் விதிப்புத்தகத்தை மூணு தடவை புரட்டினேன். அப்படி ஒரு ஹார்னே கிடையாது. சரி, மத்த வண்டிப் பெட்டியெல்லாம் பார்ப்போம்னு பார்த்தேன். இந்த ரெண்டு மாசத்துல இதே இடத்துல ஆறு டிரைவருங்க அதே மாதிரி ஊதியிருக்காங்க. காலையில, மத்தியானம், நேரம் காலம் இல்லாம."

"ஆறு பேரா?" என்றார் டிரைவர். அவர் முகத்திலிருந்து நடிப்பு கழன்று விழுந்தது. அவருக்கே அது தெரியாது.

"கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தர், 'மத்தவங்க ஊதுறாங்க, நானும் ஊதுறேன்'னார். இன்னொருத்தர், 'சும்மா ஒரு சலாம் சார்'னார். புதுசா வந்த பொண்ணு ஒண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்த எடத்துல யாரோ அடிபட்டு செத்திருக்காங்க, மரியாதைக்கு ஊதணும்னு நெனச்சிட்டிருக்கு. பாவம், தினமும் மனசார ஊதியிருக்கு."

தங்கை பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. காலைப் பதினொரு மணி ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே திரும்பி வந்த மாமனார் ஞாபகம் வந்தார். எத்தனை தடவை? யார் யாருக்கெல்லாம் அவர் கம்பியோடு போய் நின்றார்? அவள் அலமாரியில் இருந்த டம்ளர்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். எல்லாம் துடைத்த டம்ளர்கள்தான்.

"கொஞ்சம் உட்காரேன்," என்றார் டிரைவர் பல்லைக் கடித்து. "நீ நடக்குறதைப் பார்த்தாலே தலை சுத்துது."

"உட்கார்ந்தா வேலை யாரு பார்க்குறது?"

"எந்த வேலை? டம்ளருக்குத் தோல் உரிக்கிறியே, அந்த வேலையா?"

இன்ஸ்பெக்டர் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருந்தார். "எனக்கு ஒரு வாக்குமூலம் வேணும். இந்த வீடுன்னு யாராவது சொன்னாத்தான் நம்பர் எழுத முடியும். நம்பர் எழுதினாத்தான் பின்கதவை அடைச்சுச் சுவர் எழுப்ப உத்தரவு போட முடியும். இல்லேன்னா நான் எட்டாம் நம்பருக்குப் போறேன், ஒன்பதாம் நம்பருக்குப் போறேன். அப்புறம் ஃபைலை மூடிடுவேன். மறுபடி நான் வர்றதா இருந்தா..." நசுங்கிய ஃபிளாஸ்க்கை ஒரு விரலால் தள்ளினார். "நான் சாமான் மட்டும்தான் பொறுக்குவேன். செருப்பு, கண்ணாடி, இந்த மாதிரி. ஆளைப் பொறுக்குறதுக்கு வேற டிபார்ட்மென்ட்."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றார் டிரைவர்.

"நீங்கம்மா?"

தையல்காரி டம்ளரை வைத்தாள். பதினாலு வருடம். யார்டில் பெட்டி தள்ளுகிறவர்கள் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நம்பர் வீட்டில் ஒருவர் இருக்கிறார், சுவரைப் பார்த்தே சாப்பிடுவார்.

"தெரியாது," என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பதினேழு. இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார். மடிப்பதில் அவருக்கு அவசரமே இல்லை. மேஜையில் எழுதும் அட்டை இருந்தது, பேனா இருந்தது, ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தார். தையல்காரி அவர் எழுந்து போய்விட வேண்டும் என்று வேண்டினாள். போய்விடக் கூடாது என்றும் வேண்டினாள். எது முதலில் நடக்கும் என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பிடித்துத் திருகினாள். வாடிக்கையாளர் துணி வைக்கும் இரும்புப் பெட்டியின் பூட்டுச் சாவி அது.

அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வண்டி வளைவுக்கு வந்துவிட்டது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

கண்டக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவு மூலையில் கையை விட்டு, அங்கே இல்லாத கம்பியைத் தேடினார். கிடைக்காததால் வெறும் கையோடு தாழ்ப்பாளைத் திறந்தார்.

அவர் பெற்ற மகன் நான்கடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா," என்றாள் தங்கை. "அப்பா! அண்ணன் இங்க உட்கார்ந்திருக்கான்!"

"வண்டி வந்துடுச்சு," என்றார் அவர், ஏதோ தெரியாதவளுக்குச் சொல்வது போல. கதவு திறந்தது.

டிரைவர் அசையவில்லை. அசைந்தால் இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அவர் மூளை ஒரு விநாடி கணக்குப் போட்டது. ஒரே ஒரு விநாடிதான். பிறகு அவர் எழுந்தார். ஆனால் அந்த ஒரு விநாடியைத் தையல்காரி பார்த்துவிட்டாள். அவர் எழும்போது அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

மாமனார் படி இறங்கி, ஜல்லியைக் கடந்து, இடது பக்கம் வளைவைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். நாலு இருபது இன்று தூரத்துத் தண்டவாளத்தில்தான் வந்தது, வழக்கம் போல. சரியான தண்டவாளம், சரியான நேரம், சரியான ஹார்ன். அதனால்தான் அவர் வலது பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்தது. அதன் சத்தத்தை நாலு இருபதின் சத்தம் தின்றுவிட்டது. அவளுக்கும் அது கேட்கவில்லை. கண்ணில்தான் பட்டது, ஒரு சுவர் ஓடி வருவது மாதிரி.

கூப்பிட்டுப் பயனில்லை. சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். அவள் தைத்த சட்டை. இரட்டைத் தையல். தாங்கியது. இருவரும் ஜல்லியில் மல்லாந்து விழுந்தார்கள். செருப்பு நுனிக்கு இரண்டு முழத்தில் சக்கரங்கள் போயின, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று, முடிவே இல்லாமல். அப்பால் நாலு இருபது வண்டியின் ஜன்னலில் ஒரு கை உற்சாகமாக ஆடிவிட்டுப் போனது. அந்தப் பொண்ணா, சலாம்காரனா, யாருக்குத் தெரியும்.

சத்தம் ஓய்ந்தபோது படியில் மூவரும் நின்றார்கள். டிரைவர் ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்திருந்தார்.

"எழுதிக்கோங்க," என்றாள் தையல்காரி, ஜல்லியில் உட்கார்ந்தபடியே.

"ஏய்," என்றார் டிரைவர்.

"ஏழாம் நம்பர். ஃபிளாஸ்க் எங்களோடது. உறை நான் தெச்சது. கம்பி நான் வளைச்சது. முதல்ல நின்னது நான், அப்புறம் இவரை அனுப்பினது நான். ஊதினது என் வீட்டுக்காரர். அவர் ஊதினதைக் கேட்டு மத்தவங்க ஊதினாங்க."

"உன்னை யாரு இப்ப கேட்டா? வாயை மூடு!"

"ரெண்டு வருஷமா மூடித்தானே இருந்தேன்." அவள் முழங்கையில் ஒட்டிய கல்லைத் தட்டினாள். "நீங்க உட்கார்ந்திருந்தீங்க."

"எழுந்தேன்ல?"

"எழுந்தீங்க."

அவள் மாமனாரைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தாள். இன்ஸ்பெக்டர் படியிலேயே உட்கார்ந்து, முழங்கால் மேல் தாளை வைத்து எழுதினார். எழுத்து கோணலாக வந்தது, ஏழாம் நம்பரை இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். அவ்வளவு சாவகாசமும் குரலில் மட்டும்தான் போலிருக்கிறது.

எழுதி முடித்ததும், "நீங்க என்கூட அலுவலகத்துக்கு வரணும்," என்றார் டிரைவரிடம். "இன்னிக்கே சொன்னா கொஞ்சம் நல்லது. யார்டு நிச்சயம். எத்தனை நாள்னு என் கையில இல்ல."

டிரைவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டினார். பையை எடுத்தார். நேராகப் பின்கதவுக்கு வந்து, படி இறங்கி, ஜல்லியில் காலை வைத்தார். பணிமனைக்கு அதுதான் வழி. பதினாலு வருடமாக.

நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய அடுத்த கால் அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் சமையலறையைக் கடந்து முன்கதவு வழியாகப் போனார். இன்ஸ்பெக்டர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தெருவில் இரண்டு ஜோடிச் செருப்பு பாலத்துப் பக்கம் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் தங்கை. "அண்ணனுக்கு வழி தெரியுமோ என்னவோ." பிறகு பஞ்சும் மருந்தும் எடுக்க உள்ளே போனாள்.

மாமனார் இன்னும் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க மாமா."

"வேலைய போக்கிட்டியேம்மா."

"எறக்கிவிட்டேன். போக்கல."

"எனக்கும்தான்." அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "எனக்கும் போச்சு. நாலு மணிக்கு இனிமே நான் என்ன பண்றது?"

"அறுநூறு கால்சட்டைக்குப் பொத்தான் பாக்கி இருக்கு," என்றாள்.

"கண்டக்டரைப் பொத்தான் தைக்கச் சொல்றா," என்றார் அவர் தண்டவாளத்திடம்.

"விசில் அடிச்சாத்தான் வண்டியில ஏறுவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து எழுந்தார். ஒரு படி. இன்னொரு படி. எங்கோ தூரத்தில், வளைவுக்கும் அப்பால், ஒரு ஹார்ன் கேட்டது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கால் நின்றது. தன் தோளில் அவர் கை இறுகுவதை அவள் உணர்ந்தாள்.

"உள்ள போங்க," என்றாள். "முன்னால போங்க, முன்னால போங்க. வழியில நிக்காதீங்க."

முப்பத்தெட்டு வருடம் அவர் சொன்ன வார்த்தை அது. கால் கேட்டது. உள்ளே போனார்.

அவள் ஓடிப்போய் இரும்புப் பெட்டியின் பூட்டைக் கழற்றி எடுத்துவந்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் பூட்டை மாட்டி, மாமனாருக்குப் பின்னால் பூட்டினாள்.